எல்லாம் இருந்த மாதிரியே

அவன் கட்டைவிரலில் போண்டா எண்ணெய்.

அந்த விரலோடுதான் அவளுடைய போனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் இல்லை. ஒரு கடிகாரம். கீழே வரிசையாய்ச் சில சின்னப் படங்கள். மற்றபடி கழுவிக் கவிழ்த்த தட்டு.

"யாரக் கேட்டு அழிச்ச?"

"அழிக்கல. மாத்தினேன். பேக்கப் இருக்கு."

நிச்சயத்தன்று அவன் வாங்கிக் கொடுத்த போன். தொட்டால் விளம்பரம், திறந்தால் விளம்பரம், பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப் போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இன்று காலை உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய சிஸ்டத்தை மொத்தமாய் வழித்தெறிந்துவிட்டு வேறொன்றை ஏற்றினாள். மொழியைத் தமிழாக வைத்தாள்.

போன் கண் விழித்தபோது அதற்குள் யாருமே இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது.

அப்போதுதான் வாசலில் அவன் பைக்.

"பேக்கப் இருக்குல்ல? போடு. எல்லாம் இருந்த மாதிரியே வரணும்."

நாற்காலியை அவள் முட்டி இடிக்கும்படி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. அதப் போயி நோண்டிக்கிட்டு. காலேஜுக்கு அனுப்புன திமிரு, வேற என்னா. நீங்க இன்னும் ரெண்டு போண்டா வச்சுக்கோங்க மாப்ள."

"விடுங்க அத்தை. எங்க வீட்டுக்கு வந்தா எல்லாம் தெளிஞ்சுடும்."

இருவரும் சிரித்தார்கள்.

அவள் கேபிளைச் செருகினாள்.

ஒவ்வொன்றாய் வந்தது. அவன் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டினான். வண்டியிலிருந்து இறங்கும் சீர்ப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே அனுப்புகிறவனின் தலையாட்டல்.

முதலில் அவன் முகம். மேடையில், கூலிங் கிளாஸோடு. ஓரத்தில் அவளுடைய தோள் மட்டும். அவன் வெட்டி வைத்த படம்.

பிறகு அவன் பெயர். 'என் உயிர் மாமா.' அவள் போனை வாங்கி அவனே அடித்துச் சேமித்தது.

சந்தேகம் தீரத் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான். தனக்கென்று அவன் வைத்திருந்த பாட்டு வீடு முழுக்கக் கத்தியது.

"வந்துடுச்சு பாத்தியா!"

பல்லிடுக்கில் வெங்காயம்.

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியாக அதுவும் வந்தது.

ஒரு ஆப். திறந்தால் நீல வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் அவள். எங்கே நிற்கிறாள், எங்கே போகிறாள் என்று அவன் போனில் காட்டிக்கொண்டே இருக்கும். மோதிரம் போட்ட கையோடு அவளுடைய போனை வாங்கி ஏற்றியது. பாதுகாப்புக்கு என்றான்.

அன்றிலிருந்து லைப்ரரியை விட்டு வெளியே வந்தால் எதிரே பைக். பஸ் மாறி ஏறினால் போன். "அந்த ஜெராக்ஸ் கடையில அவ்ளோ நேரம் என்னா வேலை?" ஒருநாள் தோழி வீட்டு பாத்ரூமில் இருந்தபோது விடாமல் அடித்தான். எடுக்கவில்லை என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னான். அப்பா அவளைத்தான் திட்டினார்.

வியாழக்கிழமை அவளுக்கு ஓசூரில் இன்டர்வியூ.

வீட்டில் யாருக்கும் தெரியாது. புள்ளி நகர்ந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"பொண்டாட்டி சம்பாதிச்சு சோறு திங்கிற பரம்பரையா நாங்க?" என்று நிச்சயத்தன்று இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டவன் அவன். பந்தியே சிரித்தது. அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது அவன் அம்மாவின் களையெடுப்புக் கூலி. அந்த அம்மாவும் அந்தப் பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ம். அதத் தொற."

திறந்தாள்.

புள்ளி வரவில்லை. திரையின் நடுவில் ஒரு கேள்வி வந்தது. இருக்கும் இடத்தை அறிய அனுமதிக்கவா?

பேக்கப்பில் எல்லாம் திரும்ப வரும். கொடுத்த அனுமதி மட்டும் இதில் வராது. ஆளிடம் மறுபடி கேட்கும். ஏற்றுவதற்கு முன்னால் அதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள்.

போன தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது அந்தக் கட்டைவிரல்.

இப்போதும் அதுதான் நீண்டு வந்தது.

பாதி வழியில் நின்றது. சொட்டப் பார்த்தது எண்ணெய். தன் சட்டையைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாதது.

அவள் துப்பட்டாவின் நுனியை இழுத்தான். அதில் துடைத்தான். நிதானமாக, நகக்கண் வரைக்கும்.

அம்மா பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

மஞ்சள் துணியில் கறை மெல்லப் பரவியது.

அவள் 'அனுமதிக்காதே' என்பதைத் தொட்டாள்.

"என்னா கேக்குது?"

"என்னையக் கேக்குது."

"அலவ் குடுடி," என்றான், துடைத்த விரலை மறுபடி தட்டுக்கு நீட்டிக்கொண்டே.

கேள்வி இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவையும் மறுத்துவிட்டால் அதற்கப்புறம் அது கேட்காது. அதையும் படித்திருந்தாள்.

போனை மடியிலிருந்து எடுத்தாள்.

அவனுக்கு நன்றாகத் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, 'அனுமதிக்காதே' மேல் தன் விரலைக் கொண்டுபோனாள்.