கிளட்ச் எட்டும் தூரம்

ஓட்டுநர் இருக்கையில் அம்மா. பக்கத்து இருக்கையில், முழங்கால் டாஷ்போர்டில் முட்ட, நெட்டையான விற்பனையாளர். மூன்றாவது ஆளுக்கு அந்தக் காரில் இடம் கிடையாது. ஆகவே சின்ன மகள் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால், சோபாவில்.

அம்மாவின் கைப்பை சின்னவள் மடியில் இருந்தது. பைக்குள் இன்னும் ஒட்டாத கவர். கவருக்குள், சின்னவளின் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிய கடிதம்.

இன்று அதைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் இந்தக் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு சின்ன சந்தேகம் என்பதோடு வாயை மூடிக்கொண்டாள்.

"மஞ்சள்தான் வேணும்னு ஃபோன்லயே சொல்லிட்டீங்களாம். ஸ்போர்ட்ஸ் கார்ல இவ்வளவு சல்லிசா வேற எதுவும் கிடைக்காதும்மா," என்றார் விற்பனையாளர். "எங்க மாமியாரும் இருக்காங்களே, பஸ்ல ஜன்னல் சீட்டுக்கே கண்ணை மூடிக்குவாங்க."

அம்மா சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். தலைக்கு மேலிருந்த கூரை எழுந்து, மடிந்து, முதுகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். இருக்கை அவர் அளவுக்குப் பின்னால் போயிருந்தது. அம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவர் அவள் காலைப் பார்த்தார். "செருப்பு வழுக்கப் போகுதும்மா. கழட்டிட்டு ஓட்டுங்களேன்."

"இதோடதான் ஓட்டணும்."

நன்றாகவே ஓட்டினாள். காற்றில் முடி அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை.

பெரிய மகள் உயிரோடு இருந்தவரை, இருவரும் தெருவில் நடந்தால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு யார் அம்மா, யார் மகள் என்று குழம்பிப்போகும். ஒரே உயரம். ஒரே கால் அளவு. இந்தச் செருப்பு பெரியவளுடையது.

ஆளில்லாத கிடங்குச் சுவர் ஒன்றை ஒட்டி அம்மா காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு, தன்னைத் தானே பின்னால் தள்ளினாள். அதற்கு மேல் போகாது என்ற கடைசிப் பல்லில் கம்பியை விட்டாள். டக்.

அங்கிருந்து காலை நீட்டினாள்.

செருப்பு நுனி கிளட்ச்சைத் தொடவில்லை. அந்தரத்தில் நின்றது.

இடுப்பை நழுவவிட்டு இன்னும் கீழே இறங்கினாள். ஒரு வழியாக நுனி தொட்டது. தொட்டபோது சாலை தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது.

"அந்தக் கடைசி பல்லு என்னை மாதிரி பனமரத்துக்கும்மா. உங்களுக்கு எதுக்கு?"

"எங்கயாவது மோதினா, இந்த சீட்டு தானா பின்னால போகுமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், வாத்தியார் முன்னால் நிற்கும் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போகாதும்மா. பல்லு கடிச்சிருச்சுன்னா, முன்பக்கம் அப்பளமா நொறுங்கினாலும் சீட் வெச்ச இடத்துலதான் இருக்கும். இந்தக் கம்பெனியே அதைச் சொல்லித்தான் விக்குது."

"போகவே போகாது?"

"போகவே போகாது."

போன மழைக்காலத்தில், பெரியவளைப் பலிகொண்ட இதே ரக மஞ்சள் காரை அம்மா பழைய இரும்புக் கொட்டடியில் பார்த்தாள், மூக்கு நசுங்கிய நிலையில். பெரியவளின் சாமான்களை எடுத்துவரப் போயிருந்தாள். செருப்பு மட்டும்தான் கிடைத்தது. ஓட்டுநர் இருக்கை கடைசிப் பல்லில் நின்றது. மகளுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று அப்போதே கேட்டாள்.

"மோதின வேகத்துல பின்னாடி ஓடிருச்சு அத்தை," என்றார் பெரியவளின் புருஷன், கையில் கட்டோடு. "மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டுன்னு பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டே வந்தேன். அவ கேட்டாத்தானே."

விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். அம்மாவும் மருமகன் தோளில் சாய்ந்து அழுதாள். நெட்டையான மனிதர். எக்கித்தான் சாய வேண்டியிருந்தது.

இருக்கையை இழுத்துக்கொண்டு அம்மா ஷோரூமுக்குத் திரும்ப ஓட்டினாள்.

இறங்கும்போது விற்பனையாளர் மெதுவாகக் கேட்டார். "வண்டி எப்படிம்மா?"

"பொய் சொல்லாத வண்டி," என்றாள் அம்மா.

சோபாவில் சின்னவள் கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

அம்மா கைப்பையை வாங்கினாள். கவரிலிருந்த கடிதத்தை உருவி பைக்குள்ளேயே கசக்கினாள். விற்பனையாளர் கொடுத்த முகவரி அட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதினாள்.

'என் மகளுக்குக் கால் எட்டவில்லை.'

அட்டையைக் கவருக்குள் போட்டாள். கவரின் மேல் காலையிலேயே எழுதிவிட்ட விலாசம். பெரியவள் இருந்தபோது அவளுக்கு எழுதிய அதே வீட்டு விலாசம்தான். பெயர் மட்டும் அவள் புருஷனுடையது.

இவர்கள் வீட்டில் கடிதம் ஒட்டுவது என்றைக்கும் சின்னவள் வேலை. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சரின்னுதானேம்மா எழுதியிருக்கே?"

"ஒட்டு. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

சின்னவள் நாக்கு நுனியால் கவரின் ஓரத்தை நனைத்து, சோபாக் கையில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அது அடியில் விழும் சத்தம் கேட்கிறதா என்று பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.