இல்லாத கேமரா

புழுக்கத்துக்குச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டு, தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்த அக்காவின் லேப்டாப்பில் தம்பி மறுபடி கட்டளை அடிக்கிறான். கேமரா எதுவும் இல்லை என்றே கறுப்புத் திரை பதில் சொல்கிறது. “கேமராவை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேர் இல்லக்கா. கேமரா இருக்கிறதே சிஸ்டத்துக்குத் தெரியாது.” அக்கா திரையின் மேல்விளிம்பையே பார்க்கிறாள். அங்கே கேமராவை ஒட்டிக் கடுகளவு பச்சை விளக்கு எரிகிறது. “அப்ப இது ஏன் முழிச்சிக்கிட்டிருக்கு?” “சும்மா கரன்ட் போகுது, அவ்வளவுதான்.” “இந்த ரூம்லதான்டா நான் துணி மாத்துறேன்.” அவள் நாற்காலியை ஓசைப்படாமல் ஓரமாக நகர்த்திக்கொள்கிறாள். சன்னல் வெயில் திரையில் ஏறிவந்தும் பச்சை மங்கவில்லை. இன்னொரு கட்டளை, அதே பதில். “இல்லவே இல்லக்கா,” என்கிறான் தம்பி, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே.