ஒரே ஒரு குதி

"கத்தி வைக்கணும்னு சொல்லிட்டா என்ன பண்றது, மிலுட்டின்?"

ஸோர்கா கேட்டாள். மருத்துவமனை பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மிலுட்டின், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சீறினான்.

"முதல்ல வாயைக் கழுவு. கத்தியாம் கத்தி! எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு மாவு பிசைஞ்சே இல்ல? ஊதக்காத்து அடிச்சிருக்கும். பிளம் சாராயத்துல துணியை நனைச்சு வயித்துல கட்டினா சரியாப் போயிடும்."

"அதெல்லாம் கட்டிப் பார்த்தாச்சே," என்றாள் அவள்.

எங்கள் செர்பியாவில் தலைவலியிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டைவரை எது வந்தாலும் பழி ஊதக்காற்றின் மேல்தான். ஆனால் இன்று மிலுட்டினே அதை நம்பவில்லை. நேற்றுக் காலை அவள் அடுப்படியில் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி இறங்கவில்லை.

டாக்டர் டெசான்கா உள்ளே கூப்பிட்டார்.

"சொல்லுங்க ஸோர்கா."

"வலி வந்து வந்து போகுது டாக்டர். ஒரு வருஷமா. முதல்ல தொப்புளைச் சுத்தி. அப்புறம் வலது அடிவயித்துக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துக்குது. ரெண்டு மூணு நாள்ல தானா விட்டுடும். அப்பாடான்னு நினைச்சா, திரும்பவும் வருது."

"காய்ச்சல்?"

ஸோர்கா விழித்தாள்.

"லேசா இருக்கும். சாயங்காலம் மட்டும்," என்றான் மிலுட்டின்.

"இருமினா?"

"சுருக்குன்னு இழுக்கும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும்." இதையும் அவன்தான் சொன்னான்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "வலி யாருக்கு?"

"கட்டின பொண்டாட்டி படற பாடு புருஷனுக்குத் தெரியாதா?" என்று முறைத்தான்.

"குடல்வால்தான்," என்றார் டாக்டர். "நாள்பட்ட வீக்கம். வாயு, ஊதக்காத்துன்னு நினைச்சு எல்லாரும் விட்டுடறாங்க. ஒரு நாள் அது வெடிச்சா விஷம் வயிறு முழுக்கப் பரவிடும். அதுக்கு முன்னாடி எடுத்துடணும்."

"கத்தி வேணாம் டாக்டர்! எங்கப்பாவை இதுக்குத்தான் மேசை மேல ஏத்தினாங்க. அவர் இறங்கவே இல்லை," என்று பதறினான் மிலுட்டின்.

"எத்தனை நாள் வலியோட இருந்துட்டு வந்தார்?"

மிலுட்டின் தரையைப் பார்த்தான். "ஒரு வாரம். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துப் பார்த்தோம்."

"அப்போ அவரைக் கொன்னது கத்தி இல்லை. அந்த ஒரு வாரம்."

அப்பாவின் சாம்பல் பூத்த முகம் கண்முன் வந்து நின்றது. இப்போது இவளுக்குமா? ஸோர்கா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"எதுக்கும் ஒரு சோதனை பார்த்துடலாம்," என்றார் டாக்டர். "கோலோ ஆடற மாதிரி நல்லா எம்பி, குதிகால் தரையில இடிக்க ஒரே ஒரு குதி. உள்ளே வீக்கம் இருந்தா அந்த அதிர்வைத் தாங்காது."

"கோலோவைத் தனியா யாராவது ஆடுவாங்களா டாக்டர்? கைகோக்க ஆள் வேணாமா?" ஸோர்கா கணவனிடம் கையை நீட்டினாள். "வா."

கல்யாண வீட்டில் கோலோ இசை தொடங்கியதும், கைகோத்த வரிசைக்குத் தலைமையாக நின்று ஆடுகிறவன் மிலுட்டின். இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நான் எதுக்கு? டாக்டர் கையைப் பிடிச்சுக்கோ."

"என் உயிர் ஊசலாடுது. எனக்காக ஒரு குதி குதிக்க மாட்டியா?"

மிலுட்டின் சுவரை விட்டு வந்து கையைக் கோத்தான்.

இருவரும் எம்பினார்கள்.

"ஐயோ!" என்ற அலறல் வெளியே பெஞ்சுவரை கேட்டது. வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவன் மிலுட்டின். ஸோர்கா நேராக நின்றிருந்தாள்.

டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. "நீங்க முன்னாடியே சொன்னது சரிதான் ஸோர்கா. பிடிங்க, இவரைக் கட்டில்ல ஏத்துவோம்."

ஸோர்கா கோத்த கையை விடாமலே அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்கள் தளும்பின.

"எனக்கு ஒரு வலியும் இல்லடா, மடையா! என் தங்கச்சி கல்யாணத்துல கோலோவுக்குக் கூப்பிட்டப்போ செருப்பு கடிக்குதுன்னு உட்கார்ந்துட்டியே, அன்னிலேருந்து உன் வலியைத்தான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். உனக்குன்னு சொல்லியிருந்தா நீ இந்த வாசப்படியை மிதிச்சிருப்பியா?"