அஞ்சு ஆள் பெட்டி

ராக் பாட்டுக்காரன் மெல்வினுக்கு ஏரியில் மீன்பிடிக்கும் லைட்ஹவுஸ் குப்பம் தரவேண்டியது ஐந்நூறு ரூபாய். அம்மன் திருவிழாவில் சிந்தசைசர் பெட்டி வாசித்த கூலி. அது வந்தால்தான் மெட்ராஸ் ஸ்டுடியோவுக்கு அந்தப் பெட்டியின் வாடகையைக் கட்ட முடியும்.

"ஒத்த ஆளுக்கு இம்மாந் துட்டா?" என்றார் ஊர்த்தலைவர் துலுக்காணம்.

"ஆளு ஒண்ணுதான் தலைவரே. தவில், நாயனம், பம்பை, உடுக்கை நாலையும் இந்தப் பெட்டியே வாசிச்சுதே! என்னோட சேத்து அஞ்சு பேரு வேலை."

"சத்தியமா?"

"அம்மன் மேல சத்தியம்!"

தலைவர் அவனிடம் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கையசைத்தார். இந்த வருஷம் கூப்பிடாமல் விட்ட மேளக்காரர்கள் நாலு பேரும் உள்ளே வந்து, ஆளுக்கு நூறு வாங்கிக்கொண்டார்கள்.

"இன்னா தலைவரே, அநியாயம்!"

"எங்க ஏரியில அடுத்தவன் முறை வர்ற நாள்ல வலை போட்டா, மீனு முறைக்காரனுக்குத்தான் நைனா. பாக்கி தீந்துச்சு, கெளம்பு."