முதல் சவாரி

"இன்னா மாப்ளே, கீரைப் பாத்திக்கு என் தங்கச்சி இடுப்பொடியக் குடம் குடமா தண்ணி தூக்குறா. உனுக்குக் கார் கேக்குதா?"

நசரத்பேட்டைக்கு வரும்போதெல்லாம் வேம்புலி இப்படித்தான் ஆரம்பிப்பார். தங்கையின் கணவர் துலுக்கானமோ கிணற்றடியில் நிறுத்தியிருந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரின் பின் அச்சைக் கழற்றிப் பரப்பிவைத்து, ஒவ்வொரு பல்சக்கரமாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அச்சைப் பூட்டியாகிவிட்டது. சலவை வேட்டியோடு வந்த வேம்புலி, யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"உடு வண்டியை. பூந்தமல்லில டீ குட்ச்சிட்டு வரலாம்."

துலுக்கானம் என்ஜினைக் கிளப்பிக் கியரைப் போட்டார். கார் கிடுகிடுவென்று ஆடியதே தவிர, ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வேம்புலி தன் பக்கத்து ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். காரின் பின்பக்கம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"யோவ், செங்கல்லை எடுக்க மறந்துட்டியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"மறக்கல மச்சான். எறங்கி இந்தப் பக்கம் வந்து பாரு."

அந்தப் பக்கம், டயர் கழற்றிய பின் சக்கரத்தில் மாட்டியிருந்த பெல்ட் கிணற்றுப் பம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கரண்டு வராத கொல்லையில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

தங்கை பொன்னியம்மா குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீக்கு நீ நடந்து போண்ணே. காருக்கு வேலை கீது."