டயருக்குள் கண்ணாடி மணிகள்

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் லாரிக்காரர்கள் சக்கரம் உதறாமலிருக்க அதன் விளிம்பில் ஈயக்கட்டி அடிப்பார்கள். நீலமேகம் மட்டும் டயருக்குள் கண்ணாடி மணிகளைக் கொட்டினான். வண்டி ஓடும்போது அவை உள்ளே சுற்றிலும் பரவிச் சமன்செய்யும். நின்றால் பொலபொலவென்று அடியில் விழும். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "என் வண்டி, என் இஷ்டம்" என்றான்.

அவன் நெஞ்சுவலியில் இறந்து நாற்பத்தொரு நாளாயிற்று. அன்றிலிருந்து லாரியை யாரும் எடுக்கவில்லை. அவன் தம்பி சிவராமன் அதை விற்க ஆள் பார்த்துவிட்டான். வாங்குகிறவருக்கு ஈயக்கட்டிதான் வேண்டுமாம்.

காலையில் பஞ்சர் கடை நூகு பாய் வந்தார். மணிகளைப் பிடிக்க ஒரு பேசினை வைத்துக்கொண்டு முன்டயரைப் பிரித்து நிமிர்த்தினார். ஒரு மணிகூட விழவில்லை. குனிந்து பார்த்தார். மணிகள் டயரின் உட்புறம் முழுக்க, உச்சியிலும், சீராகப் பரவியிருந்தன.

"ஈரத்துல ஒட்டிருக்கும் பாய்" என்றான் சிவராமன்.

பாய் விரலால் தடவினார். உலர்ந்திருந்தது. ஒரு மணியைக் கீழே தள்ளினார். அது உருண்டு மேலேறித் தன் இடத்துக்கே போய் நின்றது.

நீலமேகத்தின் மனைவி அன்னபூரணி அருகில் வந்து பார்த்தாள்.

"டயர மாட்டுங்க பாய்."

"அண்ணி, நாளைக்கு வண்டி எடுக்க வர்றாங்க."

"வரட்டும் தம்பி. ஓடிக்கிட்டிருக்குற வண்டிய எவன் வந்து நிறுத்துறான்னு பாக்குறேன்."