சமையலறைப் பக்கத்துச் சுவர்

இந்தச் சுவரை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தேயிலை விலை விழுந்த பிறகு, பறித்த இலையைக் கொட்டி வைக்கும் அறை காலியாகவே கிடந்தது. அதைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்றிக்கொண்டிருந்தான் அவள் கணவன் தரணிதரன். எதிரொலி அடங்க, சுவரெல்லாம் ஃபோம் பலகை ஒட்ட வேண்டுமாம்.

"மூணு செவுத்துக்குப் போதுமுங்க. சமையக்கட்டுப் பக்கம் வேண்டாம்."

"அங்கதான் இந்து, சத்தம் மோதித் திரும்புது."

"திரும்பட்டுமுங்க."

"ஒரு பக்கம் மொட்டையா விட்டா வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில், அந்தச் சுவரிலும் ஒரு பலகையைச் சாத்தி வைத்தான்.

அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, வழக்கம்போல் விரலைச் சொடுக்கியபடி திரும்பி நடந்தாள் இந்து. சொடக்கு திரும்பி வராத இடத்தைச் சமையலறை வாசல் என்று நம்பி, பலகை சாத்திய சுவரில் நேராக மோதினாள். பார்வையில்லாத அவளுக்கு எதிரொலிதான் வழி காட்டும்.

தரணிதரன் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான். "பாட்டு நல்லாக் கேக்கணுமல்ல? இனி இந்த ரூமுல நானே உன்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

தோளில் இருந்த கையை எடுத்து, சுவரில் சாத்தியிருந்த பலகையை அதில் வைத்தாள்.

"வேண்டாமுங்க. என் ஊட்டுல நானே நடந்துக்கறேன்."